டைப் 1 குழந்தைகளுக்கான சி.ஜி.எம். சென்சார்: விலை குறைய, அரசுத் திட்டத்தில் சேர யாரிடம், எப்படிக் கேட்பது?

குருவிக்கூடு எழுதியது:

வணக்கம். ஈரோடு, சேலம், நாமக்கல் பகுதியில் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு எங்களுடையது. இன்னும் சங்கமாகப் பதியவில்லை. தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சி.ஜி.எம். சென்சாரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்க முடியவில்லை. பாதிப் பேர் பரீட்சை மாதத்துக்கு மட்டும் ஒட்டுகிறார்கள். மற்ற நாட்களில் விரலைக் குத்திப் பார்ப்பதுதான்.

எங்கள் கோரிக்கை இரண்டு. சென்சார் விலைக்கு அரசு உச்சவரம்பு வைக்க வேண்டும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் சேர்க்க வேண்டும். கையெழுத்து வாங்கிப் பிரதமருக்கும் முதல்வர் தனிப்பிரிவுக்கும் ஒரே மனுவை அனுப்பலாம் என்று குழுவில் பேச்சு. அதில் பலன் உண்டா? காப்பீடுதான் சரியான வழியா? மனுவில் என்னென்ன இருக்க வேண்டும்?

இன்னொன்று. ஒரு சென்சார் கம்பெனியின் பிரதிநிதி, மனுவைத் தானே எழுதித் தருவதாகவும் நாலு பேரைத் தில்லிக்கு அழைத்துப்போகும் செலவை ஏற்பதாகவும் சொல்கிறார். குழுவில் ஆளுக்கொரு கருத்து. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விலைக்கட்டு எழுதியது:

முதல் வேலையாகக் கோரிக்கையை இரண்டு மனுவாகப் பிரித்துவிடுங்கள். விலை தில்லி விவகாரம், வழங்குவது சென்னை விவகாரம். ஒரே தாளில் இரண்டையும் எழுதினால், பொதுச் சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று தில்லியிலும், விலை மத்திய அரசின் அதிகாரம் என்று கோட்டையிலும் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டு பதிலும் சட்டப்படி சரி என்பதால் மேற்கொண்டு கேட்கவும் வழியிருக்காது.

விலைப் பக்கம் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டத்தின் கண்ணில் மருந்துதான். ஆகவே அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை 2013 சென்சாருக்கும் பொருந்தும். அதை நடத்துவது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், அதாவது என்.பி.பி.ஏ. இந்த ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரசாயனம், உரத் துறை அமைச்சகத்தில் உள்ள மருந்துத் துறையின் கீழ் வருகிறது. சுகாதார அமைச்சருக்கு எழுதும் விலை மனு கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ஆணை 2013-க்குள் உங்களுக்கு மூன்று பிடி இருக்கிறது.

ஒன்று, பத்தி 20. உச்சவரம்பு இல்லாத பொருளின் எம்.ஆர்.பி.யையும் 12 மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. ஏற்றியிருந்தால் கூடுதலாக வாங்கிய தொகையை வட்டியோடு அரசுக்குக் கட்ட வேண்டும். இதற்குப் புதுக் கொள்கை எதுவும் தேவையில்லை, இன்றைக்கே புகார் செய்யலாம். ஆதாரம் பெட்டிதான். பழைய பெட்டி, புதுப் பெட்டி இரண்டின் லேபிளையும் தெளிவாகப் படம் எடுங்கள். எம்.ஆர்.பி., லாட் எண், தயாரித்த மாதம், இறக்குமதியாளர் பெயர், இறக்குமதி உரிம எண் ஐந்தும் படத்தில் தெரிய வேண்டும். கடை பில்லை மட்டும் வைத்தால் புகார் நிற்காது. தள்ளுபடி குறைந்ததால் பில் தொகை கூடியிருக்கலாம், எம்.ஆர்.பி. அப்படியே இருந்திருக்கலாம். அதே சென்சாரின் அடுத்த தலைமுறை புதுப் பெயரில் வந்தால் அது புதுப் பொருள். பழைய விலையோடு ஒப்பிட்டு இந்தப் பத்தியில் போக முடியாது.

இரண்டு, அட்டவணை 1. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒரு பொருள் சேர்ந்து, பிறகு ஆணையின் முதல் அட்டவணையிலும் ஏறினால் என்.பி.பி.ஏ. உச்சவரம்பு விலையை நிர்ணயித்தே ஆக வேண்டும். இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் அப்படித்தான் வந்தது. பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தது, டிசம்பரில் அட்டவணையில் ஏறியது, 2017 பிப்ரவரி 13 அன்று விலை வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதா ஸ்டென்ட் 7,260 ரூபாய். அதற்கு முன் மருந்து பூசியது சராசரியாக 1,21,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் என்.பி.பி.ஏ. வெளியிட்ட கணக்கு ஒன்றுதான் எதிர்வாதங்களை அடக்கியது: கம்பெனி விலைக்கும் நோயாளி கொடுத்த விலைக்கும் நடுவே மருத்துவமனைகள் வைத்த லாபம் 654 சதவீதம் வரை போயிருந்தது. சுமை விலையின் எந்தப் படியில் ஏறுகிறது என்று காட்டியதால் வேலை நடந்தது.

மூன்று, பத்தி 19. அசாதாரணச் சூழலில், பொதுநலன் கருதி, பட்டியலில் இல்லாத பொருளுக்கும் விலை நிர்ணயிக்கலாம். மூட்டு மாற்று உதிரிகளுக்கு 2017 ஆகஸ்ட் 16 அன்று இதைத்தான் எடுத்தார்கள். அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகை 1,58,324-லிருந்து 54,720 ரூபாய்க்கு வந்தது. ஆனால் இந்தப் பத்தியில் வரும் ஆணைகள் பெரும்பாலும் காலவரம்போடு வரும். முடியும் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்கும் ஆள் வேண்டும். 2014-இல் சர்க்கரை, இதய நோய் மருந்துகள் உட்பட 108 மருந்துகளுக்கு இதே பத்தியில் விலை வைத்தபோது, அதற்கு அடிப்படையான உள் வழிகாட்டுதல்களையே சில வாரங்களில் மத்திய அரசு திரும்பப் பெற வைத்தது. எனவே 'விலை அதிகம்' என்பதோடு நிறுத்தினால் பத்தி 19 அசையாது. என்ன அசாதாரணம் என்று நீங்கள்தான் நிறுவ வேண்டும்.

என் யோசனை: முதல் மனுவில் உச்சவரம்பைக் கேட்காதீர்கள், லாப வரம்பைக் கேளுங்கள். 2021 ஜூலையில் பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தமானி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஆகிய ஐந்துக்கும் பத்தி 19-இல் வணிக லாபத்தை 70 சதவீதத்தோடு நிறுத்தினார்கள். அதற்கு முன் சில கருவிகளில் அது 709 சதவீதம் வரை இருந்தது என்று என்.பி.பி.ஏ.வே சொன்னது. அந்த ஆணை காலவரம்போடு வந்தது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. விரலைக் குத்திய ரத்தத்தை வைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை என்றோ சென்சார் என்றோ பெயர் இல்லை. மீட்டரை ஒரு முறை வாங்குகிறோம், பட்டையையும் சென்சாரையும் வாழ்நாள் முழுக்க வாங்குகிறோம். 'குளுக்கோமீட்டரோடு சேர்ந்து இயங்கும் பட்டைக்கும், சி.ஜி.எம். சென்சாருக்கும் 2021-இல் வைத்த அதே லாப வரம்பைப் பெயர் சொல்லி வைக்க வேண்டும்' என்று ஒற்றை வரியில் கேட்டால், முன்னுதாரணம் உள்ள கோரிக்கையாக அது கோப்பில் நிற்கும்.

மொத்தவிலை எழுதியது:

விலைக்கட்டு அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அந்த 70 சதவீதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மனு போட்டால் ஆணை வந்தாலும் பெட்டி மேல் உள்ள விலை பெரிதாக மாறாது.

வாய்ப்பாடு இதுதான்: விநியோகஸ்தருக்கு விற்ற விலை, அதன் மேல் அதிகபட்சம் 70 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. இறக்குமதிச் சென்சார் ஒன்று துறைமுகத்தில் வந்திறங்கும் விலை 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்குச் சொல்கிறேன், சந்தை விலை இல்லை). இறக்குமதி செய்யும் கிளைக் கம்பெனி அதை விநியோகஸ்தருக்கு 2,000-க்கு விற்றால், விலை 3,400 வரை போகலாம், 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் எம்.ஆர்.பி. 3,570. 800-க்கும் 2,000-க்கும் நடுவில் உள்ளதை இந்த ஆணை தொடுவதே இல்லை. உள்நாட்டு உற்பத்தியாளர்களின் சங்கமான ஏ.ஐ.மெட் (AiMeD என்பதைத்தான் தமிழில் எழுதியிருக்கிறேன்) பல வருடமாகக் கேட்பது, இறக்குமதிப் பொருளுக்கு வந்திறங்கும் விலையையே அடிப்படையாக வையுங்கள் என்பதை. பன்னாட்டுக் கம்பெனிகளின் சங்கங்கள், விநியோகஸ்தருக்கு விற்கும் முதல் விற்பனை விலைதான் அடிப்படை என்று நிற்கின்றன. பயிற்சி, ஆராய்ச்சி, விற்பனைக்குப் பின் சேவை எல்லாம் அந்த இடைவெளியில்தான் ஈடுகட்டப்படுகிறது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நீங்கள் எந்த அடிப்படையைக் கேட்கிறீர்கள் என்பதை மனுவில் எழுதாவிட்டால், உங்கள் மனு இரண்டு தரப்புக்கும் வசதியான காகிதம்.

விலை வரம்பு வந்தபின் என்ன கெடும் என்பதையும் இப்போதே யோசித்து வையுங்கள். ஸ்டென்ட் விலை குறைந்ததும் சில கம்பெனிகள் தங்கள் புது ரகங்களை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. சப்ளையைக் குறைக்கக்கூடாது என்று மருந்துத் துறை தனி உத்தரவு போட வேண்டி வந்தது. சென்சாரில் இது இன்னும் கடினம். ஸ்டென்டை மருத்துவமனை மாற்றி வாங்கிக்கொள்ளும். சென்சார் மாறினால் ரீடர் (சென்சாரின் அளவைப் படித்துக் காட்டும் கருவி), போன் செயலி, சில பிள்ளைகளுக்கு இன்சுலின் பம்ப் வரை மாற வேண்டும். எனவே ஆணையில் ஆறு மாதச் சப்ளை உறுதி, நிறுத்துவதாக இருந்தால் முன்னறிவிப்பு, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஆறு மாத முன்னறிவிப்பு ஏற்கெனவே ஆணையில் இருக்கிறது, அதையே எடுத்துக்காட்டலாம்.

கம்பெனிப் பிரதிநிதி விஷயம். பணம் வாங்காதீர்கள், வரைவும் வாங்காதீர்கள். தகவல் மட்டும் எழுத்தில் கேளுங்கள்: விநியோகஸ்தர் விலை, மூன்று வருட எம்.ஆர்.பி., ஒட்டிய சென்சார் பாதியில் பழுதானால் மாற்றித் தரும் விதி. தருகிறவரோடு மேற்கொண்டு பேசலாம். அவர் எழுதும் வரைவில் அநேகமாக மூன்று விஷயம் இருக்கும். சுங்க வரியையும் 2020-இல் வந்த 5 சதவீத சுகாதார செஸ்ஸையும் நீக்கக் கோருவது, விலைக் கட்டுப்பாட்டுக்குப் பதிலாக அரசே வாங்கிக் கொடுக்கக் கோருவது, தொழில்நுட்பக் குறிப்பு என்ற பெயரில் அவர்கள் மாடல் மட்டுமே பொருந்தும் விவரக்குறிப்பு. வரி நீக்கக் கோருவது தவறில்லை, ஆனால் 'நீக்கிய வரி முழுதும் எம்.ஆர்.பி.யில் குறைய வேண்டும்' என்ற வரி கூடவே இல்லையென்றால் அது பெற்றோர் கோரிக்கை ஆகாது. 2025 செப்டம்பர் 22 முதல் குளுக்கோமீட்டர், பட்டைகள் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. உங்கள் ஊர்க் கடைகளில் எம்.ஆர்.பி. அந்த அளவுக்கு இறங்கியதா என்று சரிபார்த்தாலே ஒரு நல்ல ஆதாரம் கையில் வந்துவிடும்.

சட்டப்பிரிவு எழுதியது:

கம்பெனி செலவு பற்றி மட்டும் ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் 1995-ஆம் வருடச் சட்டப்படி லாபி செய்பவர்கள், அதாவது ஒரு தரப்புக்காக அரசிடம் பேசி முடிவை மாற்ற முயல்பவர்கள், பதிவு செய்து, யாருக்காக எவ்வளவு செலவு என்று கணக்குக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பதிவேடு உண்டு. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாததால் செலவு வாங்கினால் தண்டனை இல்லை, ஆனால் எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்றே உங்கள் மனுவின் மதிப்பு போய்விடும். 'எந்த உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தரிடமும் பணமோ பொருளோ பெறவில்லை' என்று மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். யாராவது இலவச சாம்பிள் சென்சார் வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். வெளிநாட்டு அறக்கட்டளை உதவி என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக்கூடாது.

சங்கமாகப் பதிவதும் நல்லது. 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் போதும். தனி மனிதர் மனு கொடுத்தால் 'குறை', சங்கம் கொடுத்தால் 'கோரிக்கை' என்று அலுவலகங்களில் பார்க்கிறார்கள்.

கையெழுத்து இயக்கத்தில் உழைப்பைக் கொட்ட வேண்டாம். பிரதமர் பெயருக்கு ஆன்லைனில் போடும் மனு மத்தியக் குறைதீர் தளத்துக்குத்தான் போகும். கொள்கை மாற்றக் கோரிக்கை அங்கே 'ஆலோசனை' என்ற வகையில் விழும். ஆலோசனைகளைக் குறையாக எடுத்துத் தீர்ப்பதில்லை என்பது அந்தத் தளத்தின் விதி. பதிவு எண் கிடைக்கும், முடித்துவைத்ததாகக் குறுஞ்செய்தி வரும்.

அதைவிட உங்கள் எம்.பி.யிடம் எழுத்து வடிவக் கேள்வி ஒன்றைக் கொடுங்கள். 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி அறிவித்த வாரமே கொடுத்துவிட வேண்டும். கேள்வி சுருக்கமாக, அமைச்சகம் 'ஆம், இல்லை, எண்' என்று பதில் சொல்லியே தீர வேண்டிய விதத்தில் இருக்கட்டும்: சி.ஜி.எம். சென்சாரும் பட்டையும் 2021 லாப வரம்பு ஆணைக்குள் வந்தனவா. இல்லை என்றால் காரணம். கடந்த மூன்று வருடத்தில் இவற்றின் மீது பத்தி 20-இன் கீழ் எடுத்த நடவடிக்கை எத்தனை. கேள்வி ரசாயனம், உரத் துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும். பதில் அவையில் வைக்கப்பட்ட ஆவணமாகிவிடும். பிறகு நீதிமன்றம் போனாலும் அதையே காட்டலாம்.

கோட்டைவாசல் எழுதியது:

மாநிலப் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் குருவிக்கூடு அவர்கள் கேட்டிருக்கும் 'காப்பீட்டில் சேர்க்க வேண்டும்' என்பதே அந்தத் திட்டத்துக்குப் பொருந்தாத கோரிக்கை.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைத் தொகுப்பு முறையில் நடப்பது. மருத்துவமனையில் சேர்ந்து, முன் அனுமதி வாங்கி, ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகை. காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி அதில் வர முடிந்தது, ஏனென்றால் அது ஓர் அறுவைச் சிகிச்சையோடு முடியும் செலவு. சென்சார் மாதாமாதம் தீர்ந்துபோகும் பொருள். புறநோயாளியாக வந்து வாங்கிப் போகும் பொருளுக்கு அங்கே இடம் இல்லை. அந்த மனு திரும்பி வரும்போது 'தொகுப்பில் இல்லை' என்ற ஒற்றை வரிதான் இருக்கும்.

சரியான வழி, இன்சுலின் எப்படி வருகிறதோ அதே வழி. மக்கள் நல்வாழ்வுத் துறை அரசாணை, தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் மாநிலத் திட்டத்தில் ஒரு நிதித் தலைப்பு, எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர், பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சர்க்கரை நோய், குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவில் வழங்கல். கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் 'மிட்டாயி' திட்டம் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பேனா, பட்டைகள், தேர்ந்தெடுத்தவர்களுக்கு சி.ஜி.எம்., பம்ப் வரை தருகிறது. பக்கத்து மாநிலத்தில் நடக்கும் திட்டத்தின் அரசாணை நகல் ஒன்றை இணைத்தால், 'முன்னுதாரணம் உண்டா' என்று நிதித் துறை கேட்கும்போது செயலாளர் கையில் பதில் இருக்கும்.

நிதித் துறைதான் உங்கள் உண்மையான வாசகர் என்று நினைத்து எழுதுங்கள். அவர்கள் பார்ப்பது ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு என்ன செலவு, எத்தனை பிள்ளைகள், இதனால் எந்தச் செலவு குறையும் என்பதை. 14 நாள் சென்சார் என்றால் வருடத்துக்கு 26. வியர்வையில், விளையாட்டில் கழன்று விழுவதற்கு இரண்டு சேர்த்து 28 என்று போடுங்கள். 26 என்று மட்டும் எழுதித் திட்டம் வந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடக் கடைசியில் ஒரு மாதம் காலியாக இருக்கும். சென்சார் இல்லாத பிள்ளைக்கு நாளுக்கு நாலு பட்டை என்றால் வருடத்துக்கு 1,460, அதாவது 50 பட்டை கொண்ட டப்பா 30. சென்சார் ஒட்டிய பிள்ளைக்கும் பட்டை பூஜ்யம் ஆகாது. உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாதபோது குத்திப் பார்த்தே ஆக வேண்டும். நாளுக்கு ஒன்று, வருடத்துக்கு 365 என்று வைத்து மீதி 1,095 பட்டைச் செலவைக் கழித்துக் காட்டுங்கள். 'பட்டையே தேவைப்படாது' என்று எழுதினால், கோப்பைப் பார்க்கும் மருத்துவர் அந்த ஒரு வரியை வைத்தே முழு மனுவையும் சந்தேகிப்பார்.

விலைக் கணக்கில் எம்.ஆர்.பி.யைப் போடாதீர்கள். கழகம் மொத்தமாக டெண்டரில் வாங்கும் விலை வேறு. வேறு மாநிலமோ மத்திய அரசு மருத்துவமனையோ டெண்டரில் வாங்கிய விலை கிடைத்தால் அதைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று முதல் வருடமே கேட்டால் தொகை பெரிதாகி நின்றுவிடும். யாருக்கு முதலில் என்று நீங்களே வரிசை சொல்லுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள், சர்க்கரை இறங்குவதை உணர முடியாதவர்கள், கடந்த வருடத்தில் தாழ்சர்க்கரையாலோ கீட்டோ அசிடோசிஸாலோ (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து நிலை) மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். இந்த வரிசையை ஒரு குழந்தைகள் நல நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மருத்துவ ஆதாரத்துக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2022-இல் வெளியிட்ட டைப் 1 சிகிச்சை வழிகாட்டுதலை முதலில் வையுங்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அதே வருடம் டைப் 1 உள்ள எல்லோருக்கும் சி.ஜி.எம். பரிந்துரைத்ததை இரண்டாவதாக வைக்கலாம். வெளிநாட்டு ஆதாரத்தை முன்னால் வைத்தால் 'நம் ஊருக்குக் கட்டுப்படியாகுமா' என்ற கேள்வியில் பேச்சு திசைமாறும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பு இருக்கிறது. எச்.டி.ஏ.இன் என்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் அதன் வட்டார மையங்களில் ஒன்று. ஒரு கருவியால் கிடைக்கும் ஒவ்வொரு தரமான வாழ்நாள் ஆண்டுக்கும் (முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு ஈடான அளவு) எவ்வளவு செலவு என்று கணக்கிட்டு, அதைத் தனிநபர் சராசரி உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடுவார்கள். நோயாளி சங்கம் நேரடியாகத் தலைப்புக் கொடுப்பதைவிட அரசுத் துறை கேட்பதுதான் அங்கே நடைமுறை. ஆகவே உங்கள் மனுவின் இரண்டாவது கோரிக்கையாக, 'இந்த மதிப்பீட்டைச் செய்துதருமாறு மாநிலத் துறை எச்.டி.ஏ.இன் அமைப்புக்குக் கடிதம் எழுத வேண்டும்' என்று வையுங்கள். பணம் கேட்காத கோரிக்கை என்பதால் இதற்குக் கையெழுத்துச் சீக்கிரம் விழும். ஒரு எச்சரிக்கை: மதிப்பீடு இன்றைய சந்தை விலையில் நடந்தால் 'கட்டுப்படியாகாது' என்று வரக்கூடும். எந்த விலைக்கு வந்தால் கட்டுப்படியாகும் என்ற எண்ணையும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த எண் கழகத்துக்குப் பேரம் பேச உதவும், உங்கள் தில்லி மனுவுக்கும் உதவும்.

நேரம் முக்கியம். பட்ஜெட் உரை பிப்ரவரி, மார்ச்சில் வந்தாலும் துறைகள் புதுத் திட்டங்களைக் கோர்ப்பது அதற்குப் பல மாதம் முன்பே. ஜனவரியில் கொடுக்கும் மனு அடுத்த வருடத்துக்குத்தான். செப்டம்பருக்குள் செயலாளர், நலவாழ்வுக் குழும இயக்குநர் இருவர் கையிலும் இருக்க வேண்டும். மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது உங்கள் மூன்று மாவட்ட எம்.எல்.ஏ.க்களில் இரண்டு பேர், ஒரு ஆளுங்கட்சி ஒரு எதிர்க்கட்சி, பேசினால் போதும். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போதும் கொடுக்கலாம். குழு மனுவைத் துறைக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்கும்.

குருவிக்கூடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கம்பெனி வரைவு வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் விநியோகஸ்தர் விலையும் இல்லை, மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணும் இல்லை. ஆர்.டி.ஐ. போட்டால் கிடைக்குமா? 'வணிக ரகசியம்' என்று மறுத்துவிடுவார்கள் என்கிறார்கள். டெண்டர் விவரக்குறிப்பில் நாங்கள் ஏதாவது சொல்ல முடியுமா?

மொத்தவிலை எழுதியது:

டெண்டருக்கு மட்டும் சொல்கிறேன். விவரக்குறிப்பில் பிராண்ட் வாசனை வராமல் பயனை எழுதச் சொல்லுங்கள்: குறைந்தபட்சம் எத்தனை நாள் ஒட்டியிருக்க வேண்டும், குழந்தைகளுக்கு அனுமதி பெற்ற வயது, தாழ்சர்க்கரைக்கு அலாரம், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஓட வேண்டும் அல்லது ரீடர் இலவசமாக வர வேண்டும், நாள் முடியுமுன் பழுதானால் ஒரு வாரத்தில் மாற்று, வழங்கும் நாளில் குறைந்தது ஆறு மாத ஆயுள் மீதி. கடைசி இரண்டும் இல்லாத டெண்டரில் காலாவதி நெருங்கிய சரக்கு வந்து குவியும். வெயில் காலத்தில் எங்கே வைப்பது என்பதும் கேள்வி. லேபிளில் உள்ள சேமிப்பு வெப்பநிலையைத் தாலுகா மருத்துவமனைக் கிடங்கில் காக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைத்து வழங்கச் சொல்லுங்கள்.

சட்டப்பிரிவு எழுதியது:

ஆர்.டி.ஐ.யில் விநியோகஸ்தர் விலையை நேரே கேட்டால் பிரிவு 8(1)(டி) காட்டி மறுப்பார்கள். சுற்றிக் கேளுங்கள். என்.பி.பி.ஏ.வுக்கு: 2021 லாப வரம்பு ஆணையில் குளுக்கோமீட்டர் என்ற தலைப்பின் கீழ் எந்தெந்தப் பொருட்களின் விலை விவரம் பெறப்பட்டது; அதில் சோதனைப் பட்டை, சி.ஜி.எம். சென்சார் உண்டா, பெறப்பட்ட விவரத்தில் லாப சதவீதத்தின் குறைந்த, அதிகபட்ச அளவு (கம்பெனிப் பெயர் இல்லாமல்), இவற்றைச் சேர்ப்பது பற்றிய கோப்புக் குறிப்புகளின் நகல். கம்பெனிப் பெயரைக் கேட்காததால் வணிக ரகசியம் என்ற காரணம் பலவீனப்படும். ஸ்டென்டுக்கும் அந்த ஐந்து கருவிகளுக்கும் இதே வகை எண்களை ஆணையமே வெளியிட்டது என்பதை மேல்முறையீட்டில் சுட்டிக்காட்டலாம். பிரிவு 4(1)(சி), 4(1)(டி) இரண்டையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். கொள்கை முடிவுகளின் விவரத்தையும் காரணத்தையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்லும் பிரிவுகள் அவை.

பிள்ளைகள் எண்ணிக்கைக்கு மூன்று மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் தனித்தனி மனு: 18 வயதுக்கு உட்பட்ட எத்தனை பேர் டைப் 1-க்கு இன்சுலின் பெறுகிறார்கள், கடந்த மூன்று வருடத்தில் கீட்டோ அசிடோசிஸுக்குச் சேர்ந்த குழந்தைகள் எத்தனை பேர், சராசரியாக எத்தனை நாள் தங்கினார்கள். பெயர், முகவரி கேட்காதீர்கள், கேட்டால் தனியுரிமை என்று முழு மனுவும் மறுக்கப்படும். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாவட்டத்துக்கு ஒருவர் பொறுப்பெடுத்து அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக் கெடு தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

என்.பி.பி.ஏ. ஆணையக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் அவர்கள் இணையதளத்திலேயே வருகின்றன. ஒருவர் மாதம் ஒருமுறை அதைத் திறந்து 'மருத்துவக் கருவி' தொடர்பான பொருள்நிரல்களை மட்டும் பார்த்தால் போதும். லாப வரம்பு பற்றிய பொருள் வரும் கூட்டத்துக்கு முன்பே உங்கள் மனு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.